சாக்ஸும் இன்சோலும்: சென்னைக் காலுக்கு எது தாங்கும்?

இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை, வாங்க வருபவர் கடையில் முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். விரல் மெத்தென்று புதைந்தால் உடனே பில். அந்த விரல் தருவது சில கிலோ அழுத்தம்தான். எழுபது கிலோ ஆள் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் அவர் எடை முழுவதும், கொஞ்சம் கூடவே, ஒற்றைக் காலில் இறங்குகிறது. விரலுக்குச் சுகமாக இருந்தது குதிகாலுக்கு அப்பளம் மாதிரித் தட்டையாகிவிடும். சென்னையில் இன்சோல் வாங்கி ஏமாறுபவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சோதனையில்தான் ஏமாறுகிறார்கள்.

மீதிப் பாதி, சாக்ஸை விட்டுவிட்டு இன்சோலில் காசு போட்டவர்கள். இந்த ஊரில் காலுக்கு முதல் தொந்தரவு ஈரம், கடினத் தரை அதற்கு அடுத்துதான். இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. கடற்கரை ஊர்க் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஷூவுக்குள் ஊறும் வியர்வை ஆவியாகி வெளியேற வழியில்லை. ஊறிய தோல் மென்மையாகி, துணியோடு உராய்ந்து கொப்புளம் போடும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு இடம் கொடுப்பதும் இதே ஊறல்தான். எந்த மெத்தை இன்சோலும் இதைச் சரிசெய்யாது. சாக்ஸ் சரிசெய்யும்.

சாக்ஸில் பார்க்க வேண்டியது

உறையின் முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் நூல் விகிதத்தைப் படியுங்கள். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். மூங்கில் நார் என்று விற்கப்படும் விஸ்கோஸ் 11 முதல் 13 வரை. கம்பளி 16 வரை. நைலான் 4. பாலியெஸ்டர் வெறும் 0.4. குடிக்கும் நூல் நல்லது, குடிக்காத நூல் மட்டம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த ஷூவுக்குள் போகிறது என்பதைப் பொறுத்தது அது.

வலைத்துணி மேல்பாகம் உள்ள ஓட்ட ஷூவில் பாலியெஸ்டர், நைலான் கலவைதான் சரி. நூல் ஈரத்தைக் குடிக்காமல் மேற்பரப்பு வழியாக வெளியே கடத்தும், வலை வழியே காற்று அதை எடுத்துக்கொள்ளும். அதே சாக்ஸைத் தோல் ஷூவுக்குள் போட்டால் கடத்தப்பட்ட ஈரம் போக இடமில்லாமல் காலைச் சுற்றியே நிற்கும், மாலைக்குள் நாற்றம் எடுக்கும். ஓ.எம்.ஆர். அலுவலகங்களுக்கு ஃபார்மல் ஷூ போட்டுப் போகிறவர்களுக்கு முக்கால் பங்கு பருத்தி, மீதி நைலானும் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூலும் கலந்த மெல்லிய சாக்ஸ் போதும். பையில் இன்னொரு ஜோடி வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினால், விலை உயர்ந்த சாக்ஸ் தரும் சுகத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

“நூறு சதவீதம் காட்டன்” என்ற வாசகத்தை நம்ப வேண்டாம். எலாஸ்டிக் கலக்காத சாக்ஸ் காலில் நிற்காது, ஷூவுக்குள் சுருண்டு இறங்கி உள்ளங்காலில் மடிப்பு விழும். 2 முதல் 5 சதவீதம் எலாஸ்டேன் இருந்தால்தான் பிடிப்பு.

மூங்கில் சாக்ஸ் தொட்டால் பட்டுப்போல இருக்கும், உண்மையிலேயே சுகம். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் வலு குறையும் நூல். வியர்வையில் ஊறி ஊறிக் குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் சீக்கிரம் ஓட்டை விழும். நைலான் 20 சதவீதமாவது கலந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். மூங்கில் தானாகவே கிருமியைக் கொல்லும் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, மறுபடி நூலாக இழுத்த பிறகு அதில் மிஞ்சுவது வெறும் செல்லுலோஸ்தான்.

மெரினோ கம்பளி என்றதும் “இந்த வெயிலில் கம்பளியா?” என்று கேட்பார்கள். மெல்லியதாகப் பின்னிய மெரினோ சாக்ஸ் ஸ்வெட்டர் அல்ல. ஈரத்தைக் குடித்தும் தோலில் சொதசொதப்பு தெரியாது, நாற்றமும் எளிதில் பிடிக்காது. குறை விலைதான். ஒரு ஜோடி ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது, துவைப்பதிலும் கவனம் வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் இரண்டு ஜோடி வாங்கலாம். வாரம் ஒருமுறை ஷூ போடுபவருக்குத் தண்டம்.

நூலைப் பார்த்தாயிற்று என்றால் சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்புங்கள். விரல் பக்கத் தையல் கயிறு மாதிரித் தடித்திருந்தால் சுண்டுவிரல் நகத்தில் உரசியே தீரும். நல்ல சாக்ஸில் அந்தத் தையல் விரலால் தடவினாலும் தட்டுப்படாது. குதிகாலுக்குத் தனியே பை போலப் பின்னியிருக்க வேண்டும். நேர்க்குழாயாகப் பின்னி, இஸ்திரி போட்டு வளைத்த சாக்ஸ் ஒரு துவைப்பில் நிமிர்ந்துவிடும். அடுத்து அளவு. “ஃப்ரீ சைஸ், 7 முதல் 11” என்பது யாருக்கும் சரியாக அமையாத அளவு. 7 போடுபவருக்குக் குதிப் பை கணுக்காலுக்கு ஏறும், 11 போடுபவருக்கு விரல் மடங்கும். இரண்டு அளவுக்குமேல் இடைவெளி விடாத சாக்ஸாகத் தேடுங்கள்.

ரங்கநாதன் தெரு நடைபாதையில் மூன்று ஜோடி நூறு ரூபாய் என்று கூவி விற்கப்படுபவை பெரும்பாலும் பாலியெஸ்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள அலுவலக மேசையில் போட்டு வைக்கலாம். தினசரிக்கு ஆகாது. விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில், டெகத்லான் போன்றவற்றில், நூல் விகிதமும் அளவும் தெளிவாக அச்சிட்டிருக்கும், வெறுமனே அதற்காகவே போகலாம். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள சாக்ஸ், விரல்கள் ஒன்றோடொன்று உரசிக் கொப்புளம் போடும் ஓட்டக்காரர்களுக்கு மட்டும்.

இன்சோல்

மெமரி ஃபோம்: சென்னைக்கு இதைப் பரிந்துரைப்பதற்கில்லை. சூடு ஏற ஏற இளகும் நுரை இது. குளிர்சாதனக் கடையில் தொட்டபோது இருந்த திடம், பஸ் நிறுத்தத்தில் கத்திரி வெயிலில் நிற்கும்போது இருக்காது. குதிகால் அடியில் சில வாரங்களில் குழி விழும். வியர்வையையும் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஜெல், அதாவது சிலிகோன்: நுரைபோல நசுங்கிப் போவதில்லை, கழுவித் துடைத்துவிடலாம். ஆனால் காற்று புகாது, கனம், கால் சூடாகும். முழுநீள ஜெல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் டைனார் போன்ற பெயர்களில் கிடைக்கும் குதிகால் கப் மட்டும் என்றால் சரி. வலி ஒரு காலில் இருந்தாலும் இரண்டு ஷூவிலும் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு கால் சில மில்லிமீட்டர் உயர்ந்து இடுப்பு வலி தனியாக வரலாம். கப் குதியைத் தூக்குவதால் ஷூவின் பின்சுவர் பிடிப்பு குறைந்து, குதி ஏறி இறங்கி உரசும். லேஸ் ஷூவாக இருந்தால் கடைசித் துளையிலும் கோர்த்து இறுக்கினால் இது அடங்கும். லேஸ் இல்லாத கட்-ஷூவில் அடங்காது.

ஈ.வி.ஏ., பி.யு. (இரண்டும் செயற்கை நுரை வகைகள்): ஈ.வி.ஏ. லேசானது, மலிவு, மாதக்கணக்கில் மெல்ல அமுங்கிப்போகும். பி.யு. நுரை கொஞ்சம் கனம், ஆனால் மீண்டு எழும் தன்மை நீடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் பி.யு., மேலே துணி உறை, குதியில் ஆழமான கிண்ணம், இது போதுமானது. கிண்ணம் முக்கியம். குதிகாலின் அடியில் இயற்கையாக இருக்கும் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்காமல் அது தடுப்பதால், இருக்கும் மெத்தையே கூடுதலாக வேலை செய்யும்.

வளைவுத் தாங்கி, அதாவது உள்ளங்கால் வளைவைத் தாங்கும் மேடு, வைத்த கடின இன்சோல் பற்றித்தான் அதிகக் குழப்பம். ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் மிதித்துப் பார்த்து, பாதம் முழுக்கப் பதிந்தால் தட்டைப் பாதம் என்று முடிவு கட்டி, ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். தட்டைப் பாதம் வலிக்காத வரை அது நோயல்ல, தாங்கியும் தேவையில்லை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறது என்றால் தாங்கி உதவலாம். அப்போதும் அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்ததற்கு முன், ஆயத்தமாகக் கிடைப்பதை ஆறு வாரம் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சியும் கூடவே வேண்டும்.

இந்தக் குதிகால் வலியில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஷூ வாசலோடு சரி. வீட்டுக்குள் கிரானைட்டிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடுதான் நடமாட்டம். பகலில் எட்டு மணி நேரம் இன்சோல் தாங்கியதை மாலையில் சமையலறை நிற்பு கெடுத்துவிடும். வெளியே போடாத, வீட்டுக்கென்றே ஒரு எம்.சி.ஆர். செருப்பு வைத்துக்கொள்வது இரண்டாவது ஜோடி இன்சோலைவிடப் பலன் தரும். எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர், நீல நிறத்தில் நிறைய பேர் பார்த்திருப்பார்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக் கடையில் எதையும் வாங்க வேண்டாம். கடின வளைவுத் தாங்கி அழுத்திப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. ராயபுரத்தில் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை போன்ற இடங்களில் பாதப் பரிசோதனை செய்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். மேல் எலாஸ்டிக் ஆழமாகத் தடம் பதிக்காத, வெள்ளை நிறச் சாக்ஸ் அவர்களுக்கு நல்லது. ரத்தமோ சீழோ கசிந்தால் கண்ணில் படும்.

பொருத்துவது

வாங்கப் போவது மாலையில், போடப்போகும் சாக்ஸோடு, போடப்போகும் ஷூவையும் எடுத்துக்கொண்டு. பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நிஜ அளவு.

ஷூவோடு வந்த பழைய இன்சோலை முதலில் உருவி எடுங்கள். அதன்மேலேயே புதியதை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே இடம் குறைந்து மேல்பாதத்தின் எலும்பில் ஷூ அழுத்தும், விரல் மரத்துப்போகும். பழையது பசையால் ஒட்டியிருந்தால் குதிப் பக்கத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்த ஷூவுக்கு முக்கால் நீள இன்சோல்தான் வழி. அது முன்னே நழுவாமலிருக்கக் குதிக்கு அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப் ஒரு துண்டு போடுங்கள்.

பழையதைப் புதியதன் மேல் குதியோடு குதி ஒட்ட வைத்து, முன்பக்கத்தை மட்டும் பேனாவால் வரைந்து, கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். போட்டுப் பார்த்து, நுனி மடங்கினால் இன்னும் கொஞ்சம். குதிப் பக்கத்தில் கத்தரி படவே கூடாது, வளைவு இடம் மாறிவிடும்.

முன்பாதம் எரிகிறவர்கள் வைக்கும் சின்னத் திண்டு பற்றி ஒரு வார்த்தை. வலிக்கும் இடத்துக்கு நேர் அடியில் ஒட்டினால் வலி கூடும். அந்த இடத்தில் குங்குமம் குழைத்துப் பொட்டு வைத்து, இன்சோலை மிதியுங்கள். விழும் தடத்துக்குச் சற்றுப் பின்னே, குதியை நோக்கித் திண்டை ஒட்ட வேண்டும்.

முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் பழகும். இரண்டு வாரம் கழித்தும் முழங்காலோ வளைவோ வலித்தால் அது பழக்கக் குறை அல்ல, பொருத்தமில்லாத இன்சோல்.

பராமரிப்பு

சாக்ஸை உட்புறம் திருப்பி, சாதாரணத் தண்ணீரில் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரியான மென்மைத் திரவங்கள் நூலின்மேல் படலம் போட்டு, ஈரம் கடத்துவதைக் கெடுக்கும். ப்ளீச்சிங் எலாஸ்டிக்கைத் தின்னும். மொட்டை மாடி உச்சி வெயிலும் அதையே செய்யும், நிழலில் விரல்பக்கம் கிளிப் போட்டுக் காயவிடுங்கள்.

இரவில் இன்சோலை உருவி ஷூவுக்கு வெளியே வையுங்கள். மழை நாளில் ஷூவுக்குள் செய்தித்தாள் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் பசை விட்டுப்போகும். ஒரே ஷூவை நாள் தவறாமல் போடாமல் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் உள்ளே காய ஒரு முழு நாள் கிடைக்கும்.

இன்சோலை எப்போது மாற்றுவது என்பதற்கு மாதக் கணக்கு சரிப்படாது. உருவி எடுத்துத் தரையில் வைத்து, குதிப் பகுதியைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் குழி தெரிந்து, ஒரு இரவு கழித்தும் அது எழும்பவில்லை என்றால் தூக்கிப் போடலாம். அதற்கு முன் ஷூவின் அடிப்பாகத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தால், மாற்ற வேண்டியது ஷூ.