சென்னைத் தெருக்களுக்கு மார்க்: ரங்கநாதனுக்கு 5, ஆண்டர்சனுக்கு 9

சென்னையில் ஒரு தெரு நல்ல தெருவா என்று கேட்டால், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். காலை பத்தரைக்குச் சாதுவாக இருக்கும் ரங்கநாதன் தெரு மாலை ஆறரைக்கு ஆளை விழுங்கிவிடும். சௌகார்பேட்டை நேர்மாறு. பகலெல்லாம் மூட்டைக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்க வேண்டும், பொழுது சாய்ந்த பிறகுதான் நின்று சாப்பிட வாகாக இருக்கும். இன்னொன்று, ஒரே சரக்கை விற்கிற தெருவுக்கு இங்கே எப்போதும் இரண்டு மார்க் கூடுதல். வரிசையாக முப்பது நாற்பது கடையில் ஒரே பொருள் இருந்தால் விலையில் ஏமாற்றுவது கஷ்டம். தன்னிடம் இல்லாததைக் கடைக்காரரே ஆளை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துத் தருவார். எல்லாமே கிடைக்கும் என்று பேரெடுத்த தெருவில் இது நடக்காது. மார்க் எல்லாம் பத்துக்கு.

ரங்கநாதன் தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாம், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மாம்பலம் ரயில் நிலையத்தின் தி.நகர் பக்க வாசலில் தொடங்கி உஸ்மான் ரோட்டில் முடிகிற குட்டித் தெரு. கூட்டத்துக்குக் காரணம் கடைகள் மட்டுமல்ல. ரயிலில் வந்து இறங்குகிறவர்களும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்களும் வேறு வழியில்லாமல் இதற்குள்தான் போய்வந்தார்கள். 2023 மே மாதம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை திறந்த பிறகு, வெறுமனே கடந்து போகிறவர்கள் மேலே போய்விடலாம். சுமார் 570 மீட்டர் நடை. ஆனாலும் பழக்கதோஷத்தில் பாதிப் பேர் தெருவுக்குள்ளேதான் முண்டியடிக்கிறார்கள். வாங்க எதுவும் இல்லை என்றால் மேலே ஏறிவிடுங்கள்.

வாங்க வேண்டியிருந்தால் வார நாளில் கடை திறந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் சரி. தீபாவளிக்கு முந்தைய மூன்று ஞாயிறும் ஆடித் தள்ளுபடி ஞாயிறுகளும் கணக்கிலேயே வரக்கூடாது. பை முன்பக்கம் இருக்கட்டும், போன் சட்டைப்பையில் வேண்டாம். பெரிய கடைகளில் லிஃப்டுக்கு நிற்கும் நேரத்தில் பாதி வாங்கி முடித்துவிடலாம். எனவே முதலிலேயே ஒரு தடவை மேல் மாடிக்குப் போய்விட்டு, படிக்கட்டு வழியாக ஒவ்வொரு தளமாக இறங்கி வருவது லாபம். படிக்கட்டு எங்கே என்று தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2017 மே 31 அன்று உஸ்மான் ரோட்டில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து, கட்டடமே இடிக்கப்பட்டது. இந்தப் பகுதியில் எந்த மாடிக்கு ஏறினாலும் இரண்டாவது படிக்கட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதன் வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அந்தக் கடையில் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரம் எடைக்கு வாங்கும்போது மூடி தனி எடையா, சேர்த்தா என்று முதலில் கேளுங்கள், வாக்குவாதம் வருவது அங்கேதான். காந்தம் வைத்துத் தரம் பார்க்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். 304 ரகத்திலும் காந்தம் பெரிதாக ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. அந்தச் சோதனை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும்தான் உதவும், அதற்கு அடிப்பாகம் காந்தத்தைப் பிடித்தே ஆக வேண்டும். ரங்கநாதனுக்கு 5.

பக்கத்திலேயே பாண்டி பஜார், அதாவது தியாகராய ரோடு. 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக மாற்றித் திறந்தார்கள். பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் ரோடு பக்கம் வரை அகலமான நடைபாதை, உட்கார இடம், நிழலுக்குப் பழைய மரங்கள். சக்கர நாற்காலியையோ குழந்தை வண்டியையோ தள்ளிக்கொண்டு போகக்கூடிய சொற்பத் தெருக்களில் இது ஒன்று. அதற்கே 7. ஏறி வருகிற பைக்குகளுக்காக அரை மார்க் கழித்தால் 6.5. சரக்கு என்று பார்த்தால் தனித்துவமாக எதுவும் இல்லை, எங்கும் கிடைப்பதுதான். கனமழை நாளில் மட்டும் இந்த வட்டாரத்துக்கே வராதீர்கள். தி.நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். உஸ்மான் ரோட்டிலும் ஜி.என். செட்டி ரோட்டிலும் தண்ணீர் நிற்பதற்கு, அது தன் பழைய இடத்துக்கு வருகிறது என்பதுதான் காரணம்.

அண்ணா சாலையைத் தெரு என்று ஒப்புக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. பழைய மவுண்ட் ரோடு. 1904ல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் கட்டடமும் 1959ல் திறந்த 14 மாடி எல்.ஐ.சி.யும் பார்க்க அழகு. ஆனால் எதிர்ப்பக்கம் உள்ள கடையை அடைய ஒரு பஸ் நிறுத்தத் தூரம் நடந்து, சுற்றி வர வேண்டும். நடுத்தடுப்பு அப்படி. மெட்ரோ வந்த பிறகு ஒரு வசதி: நிலையங்களின் சுரங்க வழியைச் சாலை கடக்கவே பயன்படுத்தலாம். நடந்துதான் ஆக வேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்க நடைபாதை, கட்டட நிழல் அங்கேதான் விழும். 4.

அங்கிருந்து உள்ளே புகுந்தால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட், அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடைதூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். நுழைந்த பத்தாவது அடியில் "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று கூடவே நடந்து வருவார்கள். அவர்கள் பின்னால் போனால் அவர்கள் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். தெருவோரக் கடைகளைவிட மாடிப்படி ஏறிப் போகும் கடைகளும், ஒட்டியுள்ள நரசிங்கபுரம் தெருவும்தான் விஷயம் தெரிந்தவர்கள் போகும் இடம்.

உதிரி பாகம் வாங்க வந்தால் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுவாருங்கள். போட்டோ போதாது, கால் இடைவெளியும் உயரமும் அதில் தெரியாது. கெபாசிட்டர் என்றால் மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஐ.சி. (சில்லு) வாங்கும்போது கால்களைப் பாருங்கள். புதியதென்றால் எல்லாம் ஒரே நேராகப் பளபளக்கும். ஈயம் ஒட்டிய தடமோ நிமிர்த்திய வளைவோ தெரிந்தால் பழைய போர்டிலிருந்து பிடுங்கியது. மேலே எழுத்து புதிதாக இருப்பதை நம்ப வேண்டாம், சுரண்டிவிட்டு வேறு எழுத்து அச்சடிப்பது பழைய வித்தை. ஹார்ட் டிஸ்க், மெமரி எல்லாவற்றுக்கும் பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பதற்கு, வாரண்டிக்கு இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். 7.

இனி ஜார்ஜ் டவுன். எந்தச் சரக்கு எந்தத் தெரு என்பது தெரிந்துவிட்டால், சென்னையில் இதைவிட ஒழுங்கான இடம் கிடையாது. தெரியாவிட்டால் வெறும் இரைச்சல். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்கு வந்தால், பிரிகிற ஒவ்வொரு தெருவும் ஒரு வியாபாரம். மொத்தத் துணி கோடவுன் தெருவில். பொம்மை, குடை, பை, வெளிநாட்டுச் சில்லறைச் சாமான் காசி செட்டித் தெருவில். கெமிக்கலும் ஆய்வகக் கண்ணாடியும் நைனியப்ப நாயக்கன் தெருவில். அதை ஒட்டிக் கந்தகோட்டம், மறுபக்கம் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்தும் பூஜை சாமானும். மொத்த வியாபாரிகள் டஜன் கணக்கில்தான் பேசுவார்கள். ஒன்று கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், அது திமிர் இல்லை, ஒன்றைப் பிரித்தால் மீதி பதினொன்று தேங்கிவிடும். மாற்றித் தருவதும் கிடையாது, எண்ணிப் பார்த்து அங்கேயே பிரித்துச் சரிபார்த்துவிடுங்கள். கோடவுன் தெருவில் துணியை முழுச் சுருளாக வாங்கினால் மீட்டரை அளந்து காட்டச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பின்னாலிருந்து "ஓரம், ஓரம்" என்று சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றிவரும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு பிரேக் இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் ஆராய வேண்டிய விஷயமில்லை.

இந்தக் கூட்டத்தில் முதல் மார்க் ஆண்டர்சன் தெருவுக்கு. காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். தெரு முழுக்கக் கண்ணாடி அலமாரிகளில் மஞ்சள், சிவப்பு, தங்க முலாம் மினுங்கும் அட்டைகள். முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆல்பத்தில் காட்டுகிற விலை பல கடைகளில் வெறும் கார்டுக்கும் கவருக்கும்தான், அச்சுக்கூலி தனி. "பிரிண்டிங் சேர்த்து நூறுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகும். ஆயிரத்துக்கு மேல் போனால், பல வண்ணப் படம் இருந்தால், ஆஃப்செட். தங்க எழுத்து வேண்டுமென்றால் ஃபாயிலா, தங்க மசியா என்று கேளுங்கள். மசி கொஞ்ச நாளில் மங்கும், ஃபாயில் மங்காது. ஆனால் பொடி எழுத்தில் ஃபாயில் அடித்தால் ணகரமும் னகரமும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும்.

தப்பு நடக்கும் இடம் எப்போதும் டைப்செட்டிங்தான். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் யூனிகோட் எழுத்து, கடைக்காரர் வைத்திருக்கும் பழைய ஃபான்டில் அப்படியே உட்காராது. ஒன்று, மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். இல்லையென்றால் அவர் புதிதாக அடிப்பார், அதில் இன்ஷியல் மாறும். புரூஃபைப் போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். காகிதத்தில் எடுத்து வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இருவர் படிக்க வேண்டும். தேதி, கிழமை, தமிழ் மாதத் தேதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, முகூர்த்த நேரம் காலையா மாலையா, மண்டபத்தின் பெயரில் உள்ள ஊர் சரியா. பெரும்பாலானவர்கள் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மண்டப முகவரியைக் கோட்டை விடுவார்கள். கவர் மட்டும் நூற்றுக்குப் பத்து உபரியாக வாங்குங்கள், விலாசம் எழுதும்போது வீணாவது அதுதான். இத்தனையும் ஒரே தெருவில், பத்தடிக்குள் முடிந்துவிடும். 9. ஒரு மார்க் குறைவது நிற்க இடமில்லாததால்.

சௌகார்பேட்டையின் தங்க சாலை, அதாவது மின்ட் தெரு, நீளமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்த தெரு. இப்போது ராஜஸ்தானி, குஜராத்தி வியாபாரக் குடும்பங்களின் சாப்பாட்டுத் தெரு. ஜிலேபியை அடுப்பிலிருந்து பாகுக்கும் பாகிலிருந்து தட்டுக்கும் வரும்போதே வாங்குங்கள், குவித்து வைத்திருப்பது நமத்துப் போயிருக்கும். முறுக்கு சாண்ட்விச் இங்கேதான் பேர்பெற்றது: ரொட்டிக்குப் பதில் கைமுறுக்கு, நடுவே தக்காளி, வெங்காயம், சட்னி. கட்டிக்கொண்டு போகிற பண்டமில்லை, இரண்டு நிமிடம் தாண்டினால் முறுக்கு சொதசொதவென்று ஆகிவிடும். 8. அசைவம் தேடுகிறவர்கள் செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ கிடைக்கும். நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த பண்டம்), கூடவே வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக வேண்டுமென்றால் கலக்கும் முன்பே சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குக் கோயிலைச் சுற்றி நான்கு குணம். தெற்கு மாட வீதி காய்கறிக்கு. வாழைப்பூ, சுண்டைக்காய், பருவத்தில் மாகாளிக்கிழங்கு. காலை ஒன்பதுக்குள் போனால் நல்லதைப் பொறுக்கலாம். வடக்கு மாட வீதி நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைத் தெருவாகிவிடும். பொம்மையைக் கையில் தூக்கிப் பாருங்கள்: மண் கனக்கும், காகிதக்கூழ் லேசாக இருக்கும். பரணில் ஏற்றி இறக்குகிறவர்களுக்குக் காகிதக்கூழ்தான் லாயக்கு, ஆனால் ஈரம் பட்டால் போச்சு. தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் ஒன்பது நாளும் அடியில் காகிதம் மடித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூக்கு, விரல்நுனி, ஆயுதம் இந்த மூன்று இடத்தில்தான் வர்ணம் பெயரும். தசாவதார செட்டைப் பெட்டிக்குள் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். 8.5. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வண்டியில் வந்தால் பூஜ்யம்.

திருவல்லிக்கேணி பாரதி சாலைக்கு 7. ஆட்டோக்காரரிடம் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றே சொல்லலாம். நடைபாதைப் பழைய புத்தகங்கள், ஞாயிறு நல்ல நாள். பாடப் புத்தகம் என்றால் எந்தப் பதிப்பு என்று பார்த்த பிறகே விலை கேளுங்கள். நாவல் என்றால் கடைசிப் பக்கம், அகராதி என்றால் முதல் எழுத்தின் பக்கங்கள்: கிழிந்து போவது அவைதான். சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்குவது வழக்கம், இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் சீக்கிரம் படியும். வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த புத்தகத்தின் முதுகில் பசை காய்ந்திருக்கும். நடுவில் விரித்துப் பார்த்து "கிரிச்" என்று சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போகுமுன் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும்.

ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை, ஏன் இல்லை என்று கேட்பார்கள். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர், அதில் நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் வரக்கூடிய இடம் தேட வேண்டும். 2.