சுண்டா, றாத்தலா, கிலோவா? மலையகச் சந்தையில் எதை எதால் அளப்பது

இலங்கை மலையகத்தின் நுவரெலியாவில் கரட் கிலோவில் வரும், கீரை கட்டில் வரும், பொழுது சாயும்போது மிஞ்சிய தக்காளி கூறில், அதாவது சிறு குவியலாக வரும். பாண் இன்றும் றாத்தல்தான். வீட்டுக்கு வந்து உலை வைத்தால் அரிசி சுண்டில் ஏறும். எங்கள் கட்சி இதுதான்: வாங்க நிறை, சமைக்கச் சுண்டு. இரண்டையும் மாற்றிப் பிடிக்கிறவருக்குத்தான் கை கடிக்கும்.

சுண்டும் கொத்தும் கொள்ளளவுகள். நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். ஆங்கிலேயர் காலத்துப் புசல் 36.37 லீட்டர். அந்தக் கணக்கில் கொத்து 1.14 லீட்டர், சுண்டு 284 மில்லிலீட்டர். ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல், அதாவது 907 கிராம், என்பது பழைய அரிசிக் கூப்பன் (பங்கீட்டுச் சீட்டு) கணக்கு. 1966 டிசம்பரில் வாரப் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தபோது வெட்டு விழுந்தது இந்த 907 கிராமில்தான்.

புசலில் ஒரு பொறி உண்டு. ஒரு புசல் அரிசி 29 கிலோ. அதே புசல் நெல் சுமார் 20.9 கிலோதான், உமியும் இடைவெளியும் இடத்தை அடைத்துக்கொள்வதால். ‘புசல் என்ன விலை’ என்று கேட்பவர் நெல்லா அரிசியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழகத்திலிருந்து வந்த படிக் கணக்கு வேறு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். உழக்கு படியில் கால் பங்கு, சுண்டு கொத்தில் கால் பங்கு. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. படியின் அளவே ஊருக்கு ஊர் மாறியது.

சுண்டு என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் இருப்பது பெரும்பாலும் டின்பால் டின். 397 கிராம் டின் விளிம்புவரை ஏறக்குறைய 300 மில்லிலீட்டர் பிடிக்கும், உண்மைச் சுண்டைவிடக் கொஞ்சம் கூட. ‘நாலு சுண்டு ஒரு கிலோ’ என்ற வழக்கு இந்த டின்னுக்கு ஏறக்குறையப் பொருந்தும். சரியான சுண்டுக்குக் கிலோவில் 93 கிராம் குறையும். டின்களும் இப்போது பல அளவில் வருகின்றன. வீட்டு டின்னை ஒருமுறை சோதித்துவிடுங்கள்: வெறும் டின்னைத் தராசில் வைத்து முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி 284 கிராம் காட்டும் இடத்தில் ஆணியால் கீறல் போடுங்கள். தண்ணீரில் கிராமும் மில்லிலீட்டரும் ஒன்று.

அளக்கும் கை இன்னொரு வித்தியாசம். தலைதட்டி அளப்பதற்கும் கோபுரமாக அளப்பதற்கும் இடையில், டின் வாய்க்கு, எட்டில் ஒரு பங்குவரை ஓடும். வாய் அகன்ற பாத்திரத்தில் இன்னும் அதிகம். குலுக்கினால் அரிசி இறுகி மேலும் கொஞ்சம் ஏறும். கடனாகக் கொடுத்த அரிசி திரும்பி வரும்போது வாங்கும் முகச்சுளிப்பில் பாதி இந்தக் கோபுரத்தால்தான். அரிசி, பருப்பு, சீனி மூன்றும் ஒரு சுண்டு 225 முதல் 240 கிராமுக்குள் நிற்கும். கோதுமை மாவு நிற்காது: தளர்வாக அள்ளினால் 150 கிராம், அழுத்தினால் 200. ரொட்டி மா ஒரு நாள் இளகி மறுநாள் இறுகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மாவை நிறையால் எடுங்கள்.

சோற்றுக்கு மட்டும் சுண்டை அடிக்க எதுவும் இல்லை, தண்ணீரையும் அதே டின்னால் அளப்பதால். ஒன்றுக்கு இரண்டு என்றால் டின் எந்த அளவானாலும் விகிதம் மாறாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதிக்கும், அதனால் பருப்பு வேக நேரம் எடுக்கும், ஆவியாகப் போவதற்கும் கொஞ்சம் சேர்த்து ஊற்ற வேண்டும்.

இனி நிறை. றாத்தல் 453.6 கிராம், 16 அவுன்ஸ். 450 கிராம் பாணை றாத்தல் பாண் என்பது அதனால்தான். 112 றாத்தல் ஓர் அந்தர், 50.8 கிலோ. இப்போது 50 கிலோ மூட்டையையும் அந்தர் என்கிறார்கள். பழைய ஆளோடு விலை பேசினால் அந்த 800 கிராம் யாருக்கு என்று முதலிலேயே தெளிவாக்குங்கள்.

நிறையைக் கெடுப்பது ஈரமும் மண்ணும். மழையில் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையில் கழிவு வெட்டுவதும் இதற்காகத்தான்; எவ்வளவு வெட்டுவது என்பதுதான் தீராத வழக்கு. மண் ஒட்டிய உருளைக்கிழங்கு, வெளி இலை கழிக்காத கோவா, நீர் தெளித்த லீக்ஸ் எல்லாம் காசு கொடுத்துத் தூக்கிவரும் சுமை. தராசில் பை ஏறுமுன் பூச்சியம் பாருங்கள், தராசைச் சோதித்துக் குத்திய முத்திரையும் பாருங்கள். சந்தேகமென்றால் கடையிலேயே உள்ள உறை பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட்டை வைக்கச் சொல்லலாம், உறைக்காகச் சில கிராம் கூடும்.

கட்டும் கூறும் அளவே அல்ல, பேரம். கீரைக்கட்டை நடுவில் பிடித்துப் பாருங்கள்; தண்டு தடித்து இலை குறைந்தால் கட்டு பெரிதாகத் தெரியும். கட்டிய நார் உள்ளே ஈரமாக இருந்தால் நடு இலை அழுகத் தொடங்கியிருக்கலாம். கூறில் அடியில் உள்ளதைப் புரட்டுங்கள், நசுங்கியது அங்கேதான் இருக்கும். அன்றைக்கே குழம்பு வைப்பதானால் கூறு லாபம். இரண்டு நாள் வைக்கவேண்டுமானால் தராசுக் கடைக்குப் போங்கள்.