பைலட்டா, சயான் சீரிஸ் 5-ஆ?

தொடர்பு எண்களையும் சந்திப்பு நேரங்களையும் கையடக்கக் கருவியில் குறித்துவைக்க விரும்பியவர்களுக்கு 1990-களின் பிற்பகுதியில் இரு வேறு வழிகள் இருந்தன: 1996-இல் வந்த பாம் நிறுவனத்தின் பைலட், 1997-இல் வந்த சயான் சீரிஸ் 5.

பைலட்டில் விசைப்பலகை கிடையாது. கிராஃபிட்டி என்னும் முறைப்படி, பெரும்பாலான எழுத்துகளை, திரையில் எழுதும் கோலை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். ஆங்கில 'ஏ'யின் குறுக்குக்கோட்டை விட்டுவிட்டுக் கூரை முகடுபோல் வரைந்தால் போதும். ஒரு பெயரையும் எண்ணையும் பதிய இது தாராளமாகப் போதுமானது. ஆனால் சந்திப்பில் பேசியதை விரிவாக எழுத முயன்றால் பொறுமை போய்விடும். திறந்தவுடன் முன்னோக்கி நகர்ந்துவரும் சீரிஸ் 5-இன் விசைப்பலகைக்கு அங்கேதான் உண்மையான மதிப்பு. கனத்தால் அது சட்டைப்பைக்கு ஏற்றதல்ல என்பது வேறு விஷயம்.

மின்கலம் தீர்ந்தால் இரண்டிலுமே பதிவுகள் அழியக்கூடும். சீரிஸ் 5-இல் அதற்கென மாற்று மின்கலம் ஒன்று உண்டு. பைலட்டிலோ மின்கலம் மாற்றும் சிறிது நேரம் மட்டுமே நினைவகம் தாங்கும். எனினும் கணினியோடு இணைத்த தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் அனைத்தும் கணினியில் நகலாகிவிடும் என்பதால், முகவரிகளும் நாட்குறிப்பும் மட்டுமே தேவைப்பட்டவருக்கு அன்று பைலட்டையே பரிந்துரைத்திருப்பேன்.