38 பிள்ளைகள், ஒரு செல்போன்: எந்த வினாடி வினாக் கருவி தேறும்?

கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இலவச வினாடி வினாக் கருவிகளில் எது நல்லது என்று கேட்கும் ஆசிரியர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வகுப்பில் எத்தனை செல்போன் இருக்கிறது? என் வகுப்பில் ஒன்று. அதுவும் என்னுடையது.

முதலில் கஹூட். 2013-இல் நார்வேயிலிருந்து வந்தது. கேள்வி பெரிய திரையில் ஓடும். பிள்ளைகளின் கையிலுள்ள திரையில் விடைக்கு ஒரு பொத்தானாகச் சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம். இசையும் கூச்சலுமாகத் திருவிழாதான். கணினி ஆய்வகத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்கார வைத்து மாதம் ஒரு முறை நடத்துகிறேன். ஆனால் விரைந்து அழுத்தினால் கூடுதல் புள்ளி என்பது எனக்கு உறுத்துகிறது. நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு விடை சொல்லும் பிள்ளை எப்போதும் கடைசிதான். அவளைத்தான் நான் வகுப்பில் பாராட்டுகிறேன். இன்னொரு சங்கடம், கேள்விக்கு 120 எழுத்து என்ற வரம்பு. நமக்கு ‘கு’ ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. தமிழில் ஒரு கணக்கை விவரிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது.

குயிசிஸ் 2015-இல் பெங்களூரில் தொடங்கியது. 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறிவிட்டது. இதில் கேள்வியும் விடையும் பிள்ளையின் திரையிலேயே வரும், அவரவர் வேகத்தில் போகலாம். வீட்டுப்பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் முடித்தது இரவு பத்து மணிக்கு மேல். ஓர் அம்மா சொன்னார்: “டீச்சருங்க, அவங்க அப்பா தறிப்பட்டறையிலிருந்து வந்த பிறகுதானுங்க செல்போனே வீட்டில் இருக்கும்.” அன்றோடு வீட்டுப்பாடத்தை நோட்டுக்கே திருப்பிவிட்டேன்.

கூகுள் படிவத்துக்கு ஒரு பத்தி போதும். எத்தனை பேர் எழுதினாலும் தானே திருத்தி அட்டவணையில் போட்டுவிடும். மேல்நிலை வகுப்புக்கும் ஆசிரியர் கூட்டத்துக்கும் சரி. ஏழாம் வகுப்புக்கு உப்பில்லாத களி.

என் ஓட்டு பிளிக்கர்ஸுக்கு. பிள்ளைகளுக்குச் செல்போனோ கணினியோ வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் எண்ணும் ஒரு கறுப்புக் கட்ட உருவமும் இருக்கும். நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் உருவம் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. என் செல்போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் எதைத் தூக்கினார் என்று பெயரோடு பதிவாகிவிடும். புரொஜெக்டர் இல்லாவிட்டாலும் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். என் செல்போனில் இணையம் இருந்தால் போதும்.

ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: ஒரு குவிண்டால் மஞ்சள் 12,000 ரூபாய், 35 கிலோ எவ்வளவு? விடை 4,200. பதினொரு பேர் 420-ஐத் தூக்கினார்கள். பெருக்கல் தெரியாமல் அல்ல. 100 கிலோவான குவிண்டாலை 1,000 கிலோ என்று நினைத்துக் கிலோவுக்கு 12 ரூபாய் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் காட்டுப் பிள்ளைகள் இருவரும் அதில் அடக்கம்! வாயால் கேட்டிருந்தால் முன்வரிசை நான்கு பேர் “4,200” என்று கத்தியிருப்பார்கள், நானும் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. நீண்ட விடைக்கு இது உதவாது. அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் போட்டது என் தவறு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறுகிறது. கறுப்பு உருவத்தின் மேல் விரல் பட்டாலும் அப்படியே. ஓரத்தைப் பிடிக்கப் பழக்க இரண்டு வாரம் ஆனது. குயிசிஸிலும் இதே போன்ற அட்டை முறை உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையும் பார்க்கலாம். நான் மாறவில்லை, 40 அட்டை அச்சடித்து வைத்துவிட்டேன். 17-ஆம் எண் அட்டையை மட்டும் மூன்றாவது முறையாக அச்சடித்திருக்கிறேன். அதன் சொந்தக்காரன் வெயில் காலத்தில் அதை விசிறியாக்கிவிடுகிறான்.