ரிப்பேருக்கு அப்புறம் எரிஞ்ச எஞ்சின் லைட்டும், மூணு வருசமா கூடவே இருக்குற ஓபிடி ரீடரும்

எங்க காடி (கார்) 2009 டொயோட்டா வியோஸ். வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ்ல, அதனால தெனமும் 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்த தாண்டி போய் வரணும், நடுக்கடல்ல காடி மக்கர் பண்ணா பின்னாடி வர்ற லோரிய நெனைச்சாலே வயிறு கலங்கும்.

மூணு வருசத்துக்கு முன்னாடி வால்வு கவர் ஓரமா எஞ்சின் ஆயில் கசிஞ்சுச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டு கேஸ்கெட் மாத்துனோம், கசிவு நின்னுருச்சு. நாலாவது நாள் பாலத்து ஜேம்ல ஊர்ந்துகிட்டு இருக்கறப்ப மீட்டர்ல மஞ்சளா எஞ்சின் லைட்டு. நின்னா லேசா ஒரு நடுக்கம், ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் தெரியாது. திரும்ப அங்கயே போனேன். ஃபோர்மேன் மெசின மாட்டி பாத்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போச்சு தம்பி, மாத்துனா சரியாயிரும், 450 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்"னாரு. நாலு நாள் முன்ன வரைக்கும் நல்லா இருந்த சென்சாரு கவர கழட்டி மாட்டுனதும் எப்படி போகும்? அது எனக்கு மனசுல ஒட்டவே இல்ல. "இப்போதைக்கு லைட்ட அழிச்சு தரவா"ன்னு கேட்டாரு, "வேணாம்ணே, யோசிச்சு வர்றேன்"னுட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல 38 வெள்ளிக்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர் ஆர்டர் பண்ணேன், எஞ்சின் கம்ப்யூட்டர் குறிச்சு வச்ச பிழைக் கோட (code) ஃபோன்ல காட்டற சின்ன கருவி. ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற 16 பின் சாக்கெட்டுல சொருகி, ஃபோன்ல 1234 அடிச்சா சேர்ந்துக்கும். ஐஃபோன் வச்சிருக்கவங்க வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, பழைய ப்ளூடூத் வகை அதுல சேராது, வைஃபை இல்லன்னா புது ப்ளூடூத் வகையா பாத்து வாங்கணும்.

வந்த கோடு பி0171. அதுக்கு அர்த்தம் எஞ்சினுக்குள்ள காத்து அதிகம், பெட்ரோல் பத்தலங்கறது, அவ்வளவுதான். அதுல எங்கயும் சென்சார் கெட்டுப்போச்சுன்னு இல்ல. புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாக்கறதுதான் அந்த சென்சார், அது கண்ணால பாத்தத சொல்லுது, சொன்னவன புடிச்சு மாத்துனா விஷயம் தீருமா? கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம்னு ஒண்ணு இருக்கும், லைட்டு எரிஞ்ச நேரத்துல காடி எப்படி இருந்துச்சுன்னு எஞ்சின் கம்ப்யூட்டர் குறிச்சு வச்சது. என்னோடதுல தண்ணி சூடு 88 டிகிரி, வேகம் பூஜ்யம், ஆர்பிஎம் 720. அதாவது நின்னுகிட்டு இருக்கறப்ப. கோட அழிச்சா இதுவும் சேர்ந்து போயிரும், அன்னைக்கு வேணாம்னு சொன்னது எவ்வளவு நல்லதுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு.

அடுத்து ஃபியூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, கொறைக்குதுங்கறது. லாங் டிரிம் நாள்பட்ட கணக்கு, ஷார்ட் டிரிம் அந்தந்த நேரத்து கணக்கு. ஐடில்ல, அதாவது மிதிக்காம சும்மா ஓடவிட்டா, லாங் டிரிம் 28, ஷார்ட் டிரிம் 9, ரெண்டும் பிளஸ். சாதாரணமா பத்துக்குள்ள இருக்கணும். ஆக்சிலரேட்டர மிதிச்சு 2500ல புடிச்சா ரெண்டும் சேர்ந்தே பத்துக்கு எறங்கிருச்சு. எங்கயோ திருட்டுத்தனமா காத்து உள்ள போனா இப்படித்தான் காட்டும், ஏன்னா ஐடில்ல எஞ்சின் இழுக்கற காத்து கொஞ்சம், அதுல ஓட்டை காத்து பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏறிட்டா உள்ள போற மொத்த காத்துல அது ஒரு பொருட்டே இல்ல.

அப்ப கவர கழட்டறப்ப எதை எதை தொட்டுருப்பாங்கன்னு யோசிச்சேன். நாலு காயில், அதோட பிளக்கு, அப்புறம் பிசிவி ஹோஸ், அதாவது எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய கவர்லருந்து காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுக்கு கொண்டு போற ரப்பர் குழாய். பானெட்ட தூக்கி காத குடுத்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஹோஸ தடவிப் பாத்தேன், பல வருசம் வெந்த ரப்பர், வளையவே மாட்டேங்குது, அடிப்பக்கம் நீட்டுவாக்குல ஒரு விரக்கடைக்கு கீறல். மேலருந்து பாத்தா சுத்தமா தெரியாது. பெல்ட்டு பக்கம் கை போகாம பாத்துகிட்டு அந்த கீறல விரலால அமுக்குனேன், சத்தம் அடங்கி நடுக்கமும் நின்னுச்சு, ஃபோன்ல ஷார்ட் டிரிம் மடமடன்னு எறங்குது. விரல எடுத்தா மறுபடி ஏறுது. நாலஞ்சு தடவ செஞ்சு பாத்தேன், அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை தவுக்கே (மொதலாளி) பழச வாங்கி அளவு வச்சு பாத்து புதுசு குடுத்தாரு, 22 வெள்ளி. மாட்டிட்டு அதுக்கப்புறம்தான் கோட அழிச்சேன். ரெண்டு வாரத்துல லாங் டிரிம் 4க்கு வந்துருச்சு, இன்னைக்கு வரைக்கும் அதே அளவுதான்.

போன வருசமும் இதே மாதிரி, வேற எடத்துல ஏர் ஃபில்டர் மாத்திட்டு வெளிய வந்த உடனே லைட்டு. ரீடர்ல பி0102, பி0113 ரெண்டும் ஒண்ணா. ஒண்ணு காத்து அளக்கற சென்சார், இன்னொண்ணு காத்து சூடு. ரெண்டு சென்சார் ஒரே நேரத்துல சாகாதுல்ல, வியோஸ்ல ரெண்டுக்கும் ஒரே பிளக்குதான். ஃபில்டர் பெட்டி பக்கத்துல அது பாதி சொருகி கெடந்துச்சு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குனேன், அஞ்சு நிமிசம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், லைட்டு நின்னு எரிஞ்சா இப்படி பொறுமையா பாக்கலாம், சிமிட்டுச்சுன்னா பாக்காதீங்க, மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம, அந்த எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அதையே சுட்டுரும். ஓரங்கட்டி நிறுத்துங்க.

கொறையும் இருக்கு. அந்த சாக்கெட்டுல பேட்டரி கரண்ட் எப்பவும் வந்துகிட்டே இருக்கும், தீபாவளிக்கு ரீடர கழட்டாம ஒம்போது நாள் விட்டுட்டு ஊருக்கு போய் வந்தா காடி ஸ்டார்ட்டே ஆகல. இப்ப பாத்து முடிச்ச உடனே உருவிருவேன். இன்னொண்ணு, இது எஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும். போன மாசம் ஏபிஎஸ் பிரேக் லைட்டு எரிஞ்சப்ப ஒண்ணுமே காட்டல, பெரிய ஸ்கேனர் இருக்கற கடைக்கு போய் 50 வெள்ளி குடுத்துதான் பாத்தேன், பின் சக்கரத்து சென்சார் வயரு அறுந்திருந்துச்சு.