991 எம்எஸ்ஸா, இஎஸ் பிளஸ்ஸா? மகளுக்காகக் கால்குலேட்டர் தேடியபோது

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவில் இடம் கிடைத்த வாரமே வீட்டில் கால்குலேட்டர் பேச்சு தொடங்கிவிட்டது. என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சிவில் பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் என் பையிலேயே கிடந்த கேசியோ 991 எம்எஸ். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் ஒரு விசைகூட மக்கர் செய்ததில்லை. பட்டன் செல்லை மட்டும் ஒருமுறை மாற்றினேன். அதையே மகளிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பழைய தேர்வுத்தாள் நினைவுக்கு வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய் இறங்கி, பாரிமுனைக் கடை ஒன்றில் மூன்று கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, 991 இஎஸ் பிளஸ் வாங்கி வந்தேன். இரண்டும் இப்போது ஒரே மேசையில் இருப்பதால், வித்தியாசத்தை நிதானமாகச் சொல்ல முடிகிறது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ படித்தபோது மடக்கை அட்டவணையைப் புரட்டித்தான் இயற்பியல் கணக்குப் போட்டோம். இன்றும் ஜேஇஇ, நீட் இரண்டிலும் கால்குலேட்டருக்கு இடமில்லை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வின் கணித, அறிவியல் தாள்களிலும் இல்லை. ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே விலை கூடிய கருவியை வாங்கிக் கையில் கொடுத்தால், மனக்கணக்குப் பழக்கம் போவதுதான் மிச்சம். வீட்டில் விடையைச் சரிபார்க்க மட்டும் வேண்டுமென்றால் 82 எம்எஸ் போதும். அதில் சமன்பாடு தீர்க்கும் வசதி, அணி (மேட்ரிக்ஸ்), கலப்பெண் (காம்ப்ளெக்ஸ் எண்), தொகையிடல் எதுவும் கிடையாது. பென்சில் பேட்டரியில் ஓடும். கல்லூரிக்குப் போகும்போது எப்படியும் வேறு வாங்கத்தான் வேண்டியிருக்கும். சிஏ படிக்கப் போகிறவர்களுக்கு இந்த வகை அறிவியல் கால்குலேட்டரே வேண்டாம். அங்கே 12 இலக்கச் சாதாரணக் கருவியைத்தான் அனுமதிக்கிறார்கள்.

இனி கல்லூரி. எம்எஸ், இஎஸ் பிளஸ் இரண்டுமே நிரல் எழுத முடியாத வகை. ஆகவே நிரல் எழுதும் கருவி கூடாது என்கிற தேர்வு விதி இரண்டையும் தடுக்காது. இரண்டும் சூரிய ஒளியிலும் எல்ஆர்44 பட்டன் செல்லிலும் ஓடுபவை. இரண்டிலும் மூன்றுக்கு மூன்று அணி வரை போடலாம், மூன்று மாறிகள் வரை ஒருங்கமைச் சமன்பாடு தீர்க்கலாம், இருபடி, முப்படிச் சமன்பாடுகளின் மூலங்களைக் காணலாம். அட்டைப்பெட்டியில் எம்எஸ்ஸுக்கு 401 செயல்பாடு, இஎஸ் பிளஸுக்கு 417 என்று அச்சிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். நான்கு ஆண்டுகளில் நான் நாற்பது செயல்பாடுகளைத் தொட்டிருந்தால் அதிகம். விலையும் சில நூறு ரூபாய்தான் கூடுதல். கடைக்காரர்கூட, "எல்லாரும் எம்எஸ்தான் வாங்குகிறார்கள் மேடம், அதுவே போதும்" என்றுதான் சொன்னார்.

அது போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. எம்எஸ் நாம் தட்டியதையும் விடையையும் முழுதாகக் காட்டுவதில்லை.

அந்தப் பழைய தேர்வுத்தாளைச் சொல்கிறேன். இரண்டாம் பருவக் கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு. அதிலிருந்து வரும் இருபடித் துணைச் சமன்பாட்டின் கெழுக்கள் 1, 2, 5. மோட் விசையை மூன்று முறை அழுத்தி, 1 அழுத்தி, வலப்பக்க அம்புக்குறியால் படியைத் தேர்ந்து, மூன்று எண்களையும் கொடுத்தேன். முதல் மூலம் கழித்தல் 1 என்று வந்தது. சமக்குறியை அழுத்தினேன். இரண்டாவது மூலமும் கழித்தல் 1. இரண்டும் சம மூலங்கள் என்று எழுதி, அதற்கான பொதுத்தீர்வையும் எழுதி, அதன் மேலேயே மீதிக் கணக்கையும் கட்டி எழுப்பிவிட்டேன். உண்மையான மூலங்கள் கழித்தல் 1 கூட்டல் 2i, கழித்தல் 1 கழித்தல் 2i. கற்பனைப் பகுதியும் சேர்ந்த கலப்பெண்கள். கொசைனும் சைனும் வரவேண்டிய தீர்வில் அவை இரண்டுமே இல்லாமல் போயின. எம்எஸ் தவறாகக் கணக்கிடவில்லை. மெய்ப்பகுதியை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டு, கற்பனைப் பகுதி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் ஓரத்தில் ஆர் (R), ஐ (I) என்ற இரண்டு எழுத்துகளை ஒரு குட்டி அம்புக்குறியோடு போட்டிருந்தது. ஷிஃப்ட் அழுத்திச் சமக்குறியை அழுத்தினால் அந்த 2i வந்திருக்கும். மூன்று மணி நேரத் தேர்வில், கடைசி அரை மணியில், அரிசிமணி அளவுக்குக்கூட இல்லாத அந்தக் குறியை என் கண் பிடிக்கவில்லை.

மூலங்கள் மெய்யா கலப்பா என்று சொல்லும் தன்மைகாட்டியைக் கையால் போட்டிருந்தால் 4 கழித்தல் 20 என்று ஒரே வரியில் தெரிந்திருக்கும் என்பது உண்மைதான். அதை இன்றும் மகளிடம் சொல்கிறேன். ஆனால் இருபடிக்கு அந்தக் குறுக்குவழி உண்டு, முப்படிக்கு அவ்வளவு எளிதாக இல்லை. இஎஸ் பிளஸில் மோட், 5, 3 என்று அழுத்தி அதே மூன்று எண்களைக் கொடுத்தால், கழித்தல் 1 கூட்டல் 2i என்று முழு விடையும் ஒரே வரியில் வந்து நிற்கிறது. மறைவாக எதுவும் இல்லை. மின்னணுவியல், மின்னியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மாறுதிசை மின்சுற்று, மின்மறுப்பு என்று நாள் முழுக்கக் கலப்பெண்தான் சோறு. பாதி விடையை மட்டும் காட்டும் திரையோடு நான்கு ஆண்டுகள் ஓட்டச் சொல்வது சரியில்லை.

அணிகளிலும் இதே கதைதான். எம்எஸ்ஸில் மூன்றுக்கு மூன்று அணியின் நேர்மாறைக் கண்டால், ஒன்பது உறுப்புகளும் ஒவ்வொன்றாக வரும். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றையும் தாளில் இறக்க வேண்டும். நான்காவதை எழுதும்போது மேற்பார்வையாளர் கூடுதல் தாள் கொண்டுவந்து நீட்டினால், அடுத்தது ஐந்தாவதா ஆறாவதா என்று குழப்பம் வரும். இஎஸ் பிளஸில் அணி முழுவதும் கட்டமாகத் திரையில் நிற்கும், உள்ளே கொடுக்கும்போதும் அப்படியே. கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தால் கையால் கண்ட நேர்மாறை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பார்வை போதும்.

மூன்றாவது, அடைப்புக்குறி. ஒத்ததிர்வு அதிர்வெண் வாய்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு பை (π), அதோடு மின்தூண்டல் எண்ணையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கி வர்க்கமூலம். 10 மில்லிஹென்றி, 100 நானோஃபாரட் என்றால் விடை ஏறத்தாழ 5,033 ஹெர்ட்ஸ். எம்எஸ்ஸில் இதை ஒரே கோடாகத் தட்ட வேண்டும். வர்க்கமூலத்துக்குப் பின் அடைப்புக்குறியை மறந்தால், மூலம் முதல் எண்ணுக்கு மட்டும் போய், விடை 1.59 கோடி ஹெர்ட்ஸ் என்று வந்து நிற்கும். மேல்வரியில் 12 எழுத்துகள்தான் தெரியும். கோவையின் தொடக்கம் இடப்பக்கம் நகர்ந்து மறைந்துவிடும். எங்கே தவறினோம் என்று தேடிப் பின்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இஎஸ் பிளஸில் பின்னக்கோடும் வர்க்கமூலக் குறியும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே வருகின்றன. மூலக்குறியின் கூரை எதுவரை நீள்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இஎஸ் பிளஸிலும் தவறு வரும். வர்க்கமூலத்துக்குள் எண்ணைத் தட்டிவிட்டு வலப்பக்க அம்புக்குறியால் வெளியே வர மறந்தால், அடுத்த உறுப்பும் கூரைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரத்தில் மகள் இதைப் பலமுறை செய்தாள். ஒவ்வொரு முறையும் சமக்குறியை அழுத்துமுன் அவளே பார்த்துத் திருத்திக்கொண்டாள். தவறைப் பார்க்க முடிகிறது என்பதற்காகத்தான் நான் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்தேன்.

இன்னொரு குறை, விடையைப் பின்னமாகவும் வர்க்கமூலமாகவும் கொடுக்கும் அதன் பழக்கம். ஆய்வகக் குறிப்பேட்டில் ஐந்து மூலம் மூன்று கீழ் ஆறு என்று எழுத முடியாது, தசமம்தான் வேண்டும். எஸ்-டி விசையை ஒருமுறை கூடுதலாக அழுத்த வேண்டும், அல்லது சமக்குறிக்கு முன் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். என்னைப் போல எம்எஸ்ஸில் ஊறியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேகம் என்று பார்த்தால், சிறு கூட்டல் பெருக்கலுக்கு இன்றும் என் விரல் எம்எஸ்ஸைத்தான் தேடுகிறது.

அடுத்தது சிடபிள்யூ. கேசியோவின் கிளாஸ்விஸ் வரிசையில் வந்த 991 சிடபிள்யூவை அக்கா மகன் வைத்திருக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு வாரம் என்னிடம் இருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான், அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். திரை இஎஸ் பிளஸைவிடக் கூர்மை. நான்குக்கு நான்கு அணி, நான்கு மாறிகள், விரிதாள், விடையைக் கைப்பேசிக்கு அனுப்பும் க்யூஆர் குறி எல்லாம் உண்டு. எனக்குத் தடையாகப் பட்டது விசைகளின் புதிய அமைப்பு. மோட் விசை போய் முகப்புத் திரை வந்திருக்கிறது. எஸ்-டி விசைக்குப் பதிலாக வடிவம் மாற்றும் பட்டியல் ஒன்று. முன்பு விசையின் தலைக்கு மேல் அச்சிட்டிருந்த பல செயல்பாடுகளைப் பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. "மோட் அழுத்து, 5, பிறகு 3" என்று ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுப்பது இதில் பலிக்காது. மகளின் வகுப்பில் பெரும்பாலோர் எம்எஸ், இஎஸ் பிளஸ் வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கி, தானே தேடிக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு சிடபிள்யூ ஒத்துவரலாம். என் மகள் பக்கத்து பெஞ்சில் கேட்டுக் கற்றுக்கொள்கிற ரகம்.

கேசியோ அல்லாத மற்ற நிறுவனங்களின் கருவிகளை நான் பயன்படுத்தியதில்லை; அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பொறியியல் முதுகலைக்கான கேட் நுழைவுத்தேர்வு எழுதப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தக் கருவியையும் கொண்டுபோக முடியாது. கணினித் திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் மவுஸால் அழுத்த வேண்டும். அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

இஎஸ் பிளஸ் வாங்கிய பிள்ளைகள் தேர்வுக்கு முந்தைய இரவு ஷிஃப்ட், 9, 3, சமக்குறி, கடைசியாக ஏசி என்று அழுத்தி எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. கோணம் பாகைக்கு வந்துவிடும். ரேடியன் வேண்டுமென்றால் ஷிஃப்ட், மோட், 4. வீட்டில் அக்காவோ அண்ணனோ வைத்துவிட்டுப் போன எம்எஸ் இருக்கிறது, புதிது வாங்க இப்போது வசதியில்லை என்றால் அதை ஒதுக்க வேண்டாம், கணக்கு அதில் சரியாகவே வரும். அதை முதல்முறை பிள்ளையின் கையில் கொடுக்கும் நாளில் 1, 2, 5 என்ற கெழுக்களைப் போடச் சொல்லுங்கள். கழித்தல் 1 வந்ததும், திரை ஓரத்தில் இருக்கும் அந்த ஆர், ஐ எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிறகு ஷிஃப்ட் அழுத்தி, சமக்குறியை அழுத்தச் சொல்லுங்கள்.