ஆர்எக்ஸ் 6600, ஒரு 600 விஏ யூபிஎஸ், மதுரை வெயில்

ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டை 2023 நடுவில் வாங்கினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. கூட இருப்பவை ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு 1080பி மானிட்டர். அறையில் ஏசி கிடையாது. கரண்ட் போனால் சமாளிக்க ஒரு 600 விஏ யூபிஎஸ் உண்டு.

உண்மையில் அந்த யூபிஎஸ்தான் கார்டைத் தேர்ந்தெடுத்தது. பெட்டியில் 600 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் இந்த வகை யூபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் உச்சத்தில் ஓடும்போது கரண்ட் போனால், அதற்குள் மொத்த சிஸ்டமும் மானிட்டரும் அடங்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட். கேம் ஓடும்போது ப்ளக் மீட்டரில் மொத்தம் 250 வாட்டைத் தாண்டிப் பார்த்ததில்லை. சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கிறது, அது போதும்.

கையில் இருந்தது 22,000 ரூபாய்க்குள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பழைய ஆர்எக்ஸ் 580 ஒன்றை எடுத்து வைத்து, "இதுவும் 8 ஜிபிதான் தம்பி, ஆனா இது 256 பிட். புதுசுல 128 பிட்தான் வரும்" என்றார். பிட் என்பது கார்டின் நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம். அவர் சொன்ன எண்களில் பொய் இல்லை. ஆனால் ஆர்எக்ஸ் 6600-இல் 32 எம்பி இன்ஃபினிட்டி கேஷ் என்ற வேகமான உள் நினைவகம் இருக்கிறது. அதனால் பிட் கணக்கில் பாதியாக இருந்தும் வேகத்தில் 580-ஐ எங்கேயோ விட்டுவிடுகிறது. 580-க்கோ 185 வாட் வேண்டும். போதாக்குறைக்கு, 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எத்தீரியம் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் நின்றதும் சந்தையில் கொட்டிய பழைய கார்டுகளில் 2304 கோர்களுக்குப் பதில் 2048 கோர்கள் மட்டும் உள்ள 580-களும் கலந்திருந்தன. பழைய கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுக் கோர் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நிஜமான போட்டி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியோடுதான். டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் ஓட்டிப் படத்தைப் பெரிதாக்கும் வசதி) வேண்டும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை இருக்கிறது என்பவர்களுக்கு அதுதான் சரி. எனக்குக் கேம் மட்டும்தான், அதில் 6600 தெளிவாக முந்துகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையில் ஆசை காட்டியது. ஆனால் 4 ஜிபி நினைவகம், போர்டோடு பேச நான்கே பிசிஐஇ லேன்கள். என் பி450 போர்டு பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை என்பதால் அந்தக் கார்டு இன்னும் நொண்டும். 6600-க்கு எட்டு லேன்கள் உண்டு, 3.0 போர்டிலும் பெரிய இழப்பு தெரிவதில்லை.

இத்தனை நாள் பழகியதில் மெச்ச வேண்டியது, 1080பியில் செட்டிங்கைப் பற்றி யோசிக்கவே விடாததுதான். வாலரண்ட் எல்லாம் இதற்கு ஒரு வேலையே இல்லை. எல்டன் ரிங் கேமே 60 ஃப்ரேமுக்கு மேல் போகாது, அதைத் தொட்டு நிற்கிறது. சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) அணைத்து ஹையில் விளையாடுகிறேன். ரே டிரேசிங்கை ஆன் செய்தால் ஸ்லைடு ஷோதான். அது இந்தக் கார்டுக்கு ஒரு சோதனைப் பொத்தான், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வன்பொருள் உள்ளே இருப்பதே பின்னால் உதவியது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு அது கட்டாயம். குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருந்த ஏஎம்டி கார்டே 6600தான். வாங்கிய காலத்தில் இதற்கு இணையாகப் பேசப்பட்ட 5700 எக்ஸ்டியில் அது இல்லை.

பிடிக்காதது எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போலவே படத்தைப் பெரிதாக்கும் ஏஎம்டி வசதி. 4கே திரையில் எப்படியோ, 1080பியில் முடி, வேலிக்கம்பி, இலை எல்லாம் மினுக்மினுக் என்று துடிக்கும். வேறு வழியே இல்லாதபோதுதான் போடுகிறேன். 8 ஜிபியும் இப்போது இறுக்கிப் பிடிக்கிறது. புது கேம்களில் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்காவிட்டால் திணறல் வருகிறது.

சித்திரை, வைகாசியில் மதியம் அறையே கொதிக்கும். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி, ஃப்ரேமை 75-இல் கட்டிவிட்டேன். மானிட்டரே 75 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் வந்து என்ன ஆகப் போகிறது? விசிறிச் சத்தம் பாதியானது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளோயர் போட்டுத் தூசி ஊதுகிறேன். சிப்புக்கு மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டை இன்னும் மாற்றவில்லை.

இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு இதையே சொல்ல மாட்டேன், மிக மலிவாகக் கிடைத்தால் ஒழிய. நான் கண் வைத்திருப்பது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 160 வாட்தான், பதினாறு லேனும் இருப்பதால் பழைய போர்டிலும் தடை இல்லை. அதே பெயரில் 8 ஜிபி மாடலும் வருகிறது, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இருக்கிறேன்.